கல்லீரல் கொழுப்புக்கு மருந்து உண்டா? எப்படி வேலை செய்கிறது, யாருக்குத் தேவை

வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. படித்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இது இப்போது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒரு லிவர் டானிக்கை வாங்கிக் குடிக்கத் தொடங்குகிறார்கள். சமீப காலமாக இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது: எடை குறைக்கும் ஊசி போட்டால் கல்லீரலும் தானாகச் சரியாகிவிடும் என்று.

இவற்றில் சிலது பாதி உண்மை, சிலது அதுவும் இல்லை. நிலவரம் இதுதான். உடல் பருமனோடு சேர்ந்து வரும் கல்லீரல் கொழுப்பு நோய்க்கென்று 2024 மார்ச் வரை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒரு மருந்தைக்கூட அனுமதித்திருக்கவில்லை. இப்போது இரண்டு மருந்துகளுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு உள்ள எல்லாருக்கும் அவை கிடையாது. ஒருவருக்கு மருந்து வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதுதான். இந்த வேறுபாடு புரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

## கொழுப்பு ஏன் கல்லீரலில் தேங்குகிறது?

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்து சேர மூன்று வாய்க்கால்கள், வெளியேற இரண்டு மடைகள். வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் ஏறாது. வரத்து கூடினாலோ, மடை சரியாகத் திறக்காமல் போனாலோ குளம் நிறையத் தொடங்கும்.

ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ள கல்லீரலும் இப்படித்தான். கொழுப்பு இங்கே நிரந்தரமாகத் தங்க வருவதில்லை, கடந்துபோக வருகிறது. அது வரும் வழிகள் மூன்று. ஒன்று, உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து, அதாவது தொப்பையிலும் தோலுக்கு அடியிலும் சேமித்து வைத்த இடத்திலிருந்து கசிந்து இரத்தம் வழியாக வருவது. இரண்டு, மிஞ்சிய சர்க்கரையிலிருந்து கல்லீரலே புதிதாகத் தயாரிப்பது. மூன்று, சாப்பாட்டில் உள்ள எண்ணெயும் கொழுப்பும்.

கொழுப்பு படிந்த கல்லீரல்களை ஆராய்ந்து, எந்த வழியில் எவ்வளவு வருகிறது என்று 2005-ல் கணக்கிட்டார்கள். கொழுப்புத் திசுவிலிருந்து வந்தது ஏறத்தாழ 60 விழுக்காடு. கல்லீரல் தானே தயாரித்தது கால் பங்குக்குச் சற்று மேல். சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது வெறும் 15 விழுக்காடு அளவுதான். எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டுச் சர்க்கரைப் பானங்களையும் மாவுச்சத்தையும் தொடர்ந்தால் ஏன் பெரிய பலன் தெரிவதில்லை என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வெளியேறும் வழிகள் இரண்டு. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரித்துச் சக்தியாக்கிவிடும். மிச்சத்தைக் கல்லீரல் சிறு பொட்டலங்களாகக் கட்டி இரத்தத்துக்குள் அனுப்பும்.

சரி, பருமனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இன்சுலின் என்ற ஹார்மோன், கொழுப்புத் திசுவிடம் "வெளியே விடாதே, சேமித்து வை" என்று சொல்கிறது. உடல் எடை, குறிப்பாக வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, கூடக்கூட அந்தச் சொல் எடுபடாமல் போகிறது. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கொழுப்புத் திசு கசியத் தொடங்குகிறது, முதல் வாய்க்கால் பெருக்கெடுக்கிறது. சொல் எடுபடவில்லையே என்று கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் கல்லீரலைப் புதுக் கொழுப்பு தயாரிக்கத் தூண்டுகிறது. இரண்டாவது வாய்க்காலும் பெருகுகிறது.

கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகளைத் தாங்கி நின்றால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். மெலிந்தவர்களுக்கும் வரலாம். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் இருப்பவர்களிடம் கொழுப்பு எளிதில் தேங்குகிறது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் முற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இதை ஒருவருடைய சோம்பேறித்தனத்தின் விளைவு என்று சொல்வது தவறு. அப்படிச் சொல்வதால்தான் பலர் பரிசோதனைக்கே வரக் கூச்சப்படுகிறார்கள்.

இதுவரை பார்த்தது: கல்லீரலில் தேங்கும் கொழுப்பில் பெரும்பகுதி உடலின் சேமிப்பிலிருந்து கசிந்து வருகிறது, அடுத்த பெரும் பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு.

## கொழுப்பு வேறு, தழும்பு வேறு

அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கட்டத்தில் செல்களுக்குள் கொழுப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. சிலரிடம் மட்டும், தேங்கிய கொழுப்பு செல்லைப் புண்படுத்துகிறது. செல்கள் பலூன் போல வீங்குகின்றன. நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து குவிகின்றன. இந்த எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். கொழுப்போடு அழற்சியும் செல் சேதமும் சேர்ந்த நிலையை மருத்துவர்கள் மாஷ் என்று அழைக்கிறார்கள். முன்பு இதன் பெயர் நாஷ், 2023-ல் மாற்றினார்கள். பழைய அறிக்கைகளில் நாஷ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், கிட்டத்தட்ட அதே நோய்தான்.

அழற்சி நீடித்தால் அடுத்தது நடக்கிறது. கல்லீரலில் நட்சத்திர செல்கள் என்று ஒரு வகை உண்டு. சாதாரண நாட்களில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும். அழற்சியின் சமிக்ஞை தொடர்ந்து வந்தால் அவை குணம் மாறி, கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கும். புண் ஆறிய தோலில் தழும்பு விழுவதும் இந்தக் கொலாஜனால்தான். கல்லீரலில் விழும் தழும்புக்கு ஃபைப்ரோசிஸ் என்று பெயர்.

இந்தத் தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை நிலை பிரிக்கிறார்கள். எஃப்0 என்றால் தழும்பே இல்லை. எஃப்1 இலேசானது. எஃப்2 குறிப்பிடத்தக்கது. எஃப்3-ல் தழும்புகள் ஒன்றோடொன்று பாலம் போல இணைகின்றன. எஃப்4 என்பது சிரோசிஸ். கல்லீரலின் அமைப்பே குலைந்து முடிச்சு முடிச்சாக மாறிவிட்ட நிலை அது.

ஸ்கேன் அறிக்கையில் வரும் "கிரேடு 1, 2, 3" இந்த அளவுகோல் இல்லை. அந்த கிரேடு, ஒலி அலையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, அதாவது எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தழும்பைப் பற்றி அதற்குத் தெரியாது. கிரேடு 3 என்று வந்தவருக்குத் தழும்பு துளியும் இல்லாமல் இருக்கலாம். கிரேடு 1 என்று வந்தவர் எஃப்3-ல் இருக்கலாம். இன்னும் ஒரு சங்கடம் உண்டு. நோய் முற்றி சிரோசிஸ் ஆகும்போது சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு தானாகவே குறைந்துவிடும். அந்த நேரத்தில் "கொழுப்பு குறைந்திருக்கிறது" என்று மகிழ்வது எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லீரல் செயலிழக்குமா, புற்றுநோய் வருமா என்பதையெல்லாம் முன்கூட்டிச் சொல்வதில் தழும்பின் நிலைதான் மிக வலுவான அறிகுறி. நல்ல செய்தி, தழும்பு மெதுவாகவே முன்னேறுகிறது. அழற்சி இல்லாத எளிய கொழுப்பு நிலையில் ஒரு நிலை ஏற சராசரியாக 14 ஆண்டுகளும், மாஷ் நிலையில் 7 ஆண்டுகளும் ஆகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று சொல்கிறது. சராசரி என்பதை மறக்க வேண்டாம். சிலருக்கு வேகமாக ஏறிவிடும்.

## நம் நிலை எது என்று எப்படித் தெரியும்?

முதல் சல்லடைக்குப் பெரிய செலவில்லை, சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். அதைத் தட்டணு எண்ணிக்கையையும் (ஆயிரக்கணக்கில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

வயது 50, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49, தட்டணுக்கள் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 40-ஆல் பெருக்கினால் 2000. 49-ன் வர்க்கமூலம் 7, அதை 200-ஆல் பெருக்கினால் 1400. வகுத்தால் ஏறத்தாழ 1.43. இது 1.3-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் வந்தால், நம் உதாரணத்தில் வந்ததுபோல, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2.0 என்று எடுத்துக்கொள்வார்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத்தக்கதல்ல.

அடுத்த பரிசோதனை எலாஸ்டோகிராஃபி. ஃபைப்ரோஸ்கேன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கருவியை வைத்து மெல்லிய அதிர்வை அனுப்பி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கிலோபாஸ்கலில் அளக்கிறார்கள். 8-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை குறைவு. ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இன்று எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

"எஸ்ஜிபிடி நார்மல், அதனால் பிரச்சினை இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எஸ்ஜிபிடி என்பது மேலே சொன்ன ஏஎல்டிதான். அது சரியான அளவில் இருந்துகொண்டே தழும்பு முற்றியவர்கள் ஏராளம். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

## எடைக் குறைவு என்ற முதல் சிகிச்சை

மருந்துக்குப் போகும் முன் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது, ஏனென்றால் மருந்துகளின் பலனையே இதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 10-ஐத் தாண்டினால் தழும்பே கரையத் தொடங்கலாம். 2015-ல் வெளியான கியூபா ஆய்வு ஒன்றில், ஓராண்டு வாழ்க்கைமுறை மாற்றத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மாஷ் மறைந்தது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்தது.

ஆனால் அதே ஆய்வில் அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். முயற்சி செய்தும் பத்தில் ஒன்பது பேரால் முடியவில்லை என்றால் அவர்களிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வது நியாயமில்லை. மருந்து தேவைப்படுவது அதனால்தான்.

## வரத்தைக் குறைக்கும் ஊசி: செமாக்ளுடைட்

சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலின் சுரக்க உதவுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையிடம் "போதும்" என்று சொல்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, வாரக்கணக்கில் உடலில் நிலைக்கும்படி வடிவமைத்ததுதான் செமாக்ளுடைட். ஓசெம்பிக், வெகோவி ஆகியவை இந்த ஒரே மருந்தின் வணிகப் பெயர்கள்.

கல்லீரல் செல்களில் ஜிஎல்பி-1 வந்து பொருந்தும் ஏற்பிகள் ஏறக்குறைய இல்லை என்பது பலரும் அறியாத விஷயம். அதாவது இந்த மருந்து கல்லீரலுக்குள் புகுந்து கொழுப்பைக் கரைப்பதில்லை. பசி குறைகிறது, எடை குறைகிறது, இன்சுலின் எதிர்ப்பு தளர்கிறது. அதன் விளைவாகக் கொழுப்புத் திசுவின் கசிவு குறைகிறது. நம் குளத்தின் பெரிய வாய்க்கால்களை மேலேயே அடைக்கும் வேலை இது.

எஸென்ஸ் என்ற பெரிய ஆய்வின் முதல் 800 பேரின் முடிவுகள் 2025-ல் வெளியாயின. எல்லாரும் எஃப்2 அல்லது எஃப்3 நிலையில் இருந்த மாஷ் நோயாளிகள். வாரத்துக்கு 2.4 மில்லிகிராம் வீதம் 72 வாரங்கள் ஊசி போட்டபின், தழும்பு மோசமாகாமல் மாஷ் மறைந்தவர்கள் 62.9 விழுக்காடு. மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 34.3 விழுக்காடு. தழும்பு குறைந்தபட்சம் ஒரு நிலையாவது இறங்கியவர்கள் 36.8 விழுக்காடு, போலி ஊசிக் குழுவில் 22.4 விழுக்காடு. உடல் எடை சராசரியாக 10.5 விழுக்காடு குறைந்தது.

இந்த எண்களை இரண்டு பக்கமும் வைத்துப் படிக்க வேண்டும். ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தழும்பு இறங்கியது. போலி ஊசிக் குழுவிலும் ஐந்தில் ஒருவருக்கு இறங்கியிருக்கிறது. ஆய்வில் சேர்ந்ததும் உணவைக் கவனிப்பது, பயாப்ஸித் துண்டு எடுத்த இடத்தைப் பொறுத்து முடிவு மாறுவது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. மருந்தின் உண்மையான பங்கு இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். "63 விழுக்காடு குணம்" என்ற தலைப்பைப் படித்துவிட்டு 34-ஐப் படிக்காமல் விட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனாலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல. நெடுங்காலம் அனுமதி பெற்ற மருந்தே இல்லாத நோயில் இது பெரிய முன்னேற்றம். 2025 ஆகஸ்டில் எஃப்டிஏ இதற்கு அனுமதி தந்தது.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதக்கணக்கில் மெல்ல ஏற்றுகிறார்கள். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி ஆகியவையும் வரலாம். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைப் போடக்கூடாது. எடையோடு தசையும் குறைவதால் புரதமும் தசைப் பயிற்சியும் கூடவே வேண்டும்.

## மடையைத் திறக்கும் மாத்திரை: ரெஸ்மெடிரோம்

அனுமதி வரிசையில் முதலாவது இதுதான். 2024 மார்ச் 14 அன்று ரெஸ்டிஃப்ரா என்ற பெயரில் எஃப்டிஏ அனுமதித்தது. வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு.

தைராய்டு ஹார்மோன் கொழுப்பை எரிக்கத் தூண்டும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அப்படியானால் தைராய்டு மாத்திரையையே கூடுதலாகக் கொடுத்தால் என்ன? இதயம் படபடக்கும், எலும்பு தேயும். இங்கேதான் ஒரு நுட்பமான வேறுபாடு கைகொடுத்தது. தைராய்டு ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிகள் இரண்டு வகை. ஆல்ஃபா வகை இதயத்திலும் எலும்பிலும் முக்கியமானது. பீட்டா வகை கல்லீரலில் அதிகம். ரெஸ்மெடிரோம் பெரும்பாலும் பீட்டாவை மட்டும் தூண்டும்படி அமைந்த மூலக்கூறு. அதனால் கல்லீரலின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை வேகமாக எரிக்கிறது, இதயம் தப்பிக்கிறது.

வரத்தில் இது கை வைப்பதில்லை, போக்கைக் கூட்டுகிறது. ஆகவே உடல் எடை இதனால் குறிப்பிடும்படி குறையாது. "மாத்திரை போட்டும் எடை குறையவில்லை, மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. கூடுதல் நன்மையாகக் கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் குறைகிறது. கல்லீரல் கொழுப்பு உள்ளவர்கள் அதிகம் இறப்பது கல்லீரல் நோயால் அல்ல, இதய நோயால்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

966 பேரைக் கொண்ட மேஸ்ட்ரோ-நாஷ் ஆய்வில் 52 வாரங்களுக்குப் பிறகு, 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 29.9 விழுக்காட்டினருக்கும், 80 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 25.9 விழுக்காட்டினருக்கும் மாஷ் மறைந்தது. போலி மாத்திரையில் 9.7. தழும்பு ஒரு நிலை இறங்கியவர்கள் முறையே 25.9, 24.2, 14.2 விழுக்காடு. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது சகஜம், பெரும்பாலும் அடங்கிவிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளின் அளவை இதோடு சேர்க்கும்போது கட்டுப்படுத்த வேண்டும், எனவே ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசியின் எண் பெரிது, மாத்திரையின் எண் சிறிது, அதனால் ஊசிதான் உயர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஆய்வுகளும் வேறு ஆட்களிடம், வேறு கால அளவில் நடந்தவை. ஒன்றில் போலி மருந்துக் குழுவே 34 விழுக்காடு எட்டியது, மற்றதில் 10 கூட எட்டவில்லை. பருமனும் நீரிழிவும் சேர்ந்திருப்பவருக்கு செமாக்ளுடைட் ஒரே நேரத்தில் மூன்றுக்கும் உதவும். ஊசியின் வயிற்றுத் தொந்தரவைத் தாங்க முடியாதவருக்கும், எடை பெரிய பிரச்சினையாக இல்லாதவருக்கும் ரெஸ்மெடிரோம் பொருந்தலாம். தேர்வு அந்த அடிப்படையில் நடப்பதே சரி.

சுருக்கமாக: செமாக்ளுடைட் கொழுப்பின் வரத்தைக் குறைக்கிறது, ரெஸ்மெடிரோம் எரிப்பைக் கூட்டுகிறது. இரண்டும் எஃப்2, எஃப்3 நிலையில் உள்ள மாஷ் நோய்க்கு அனுமதி பெற்றவை.

## மற்ற மருந்துகள் என்ன ஆயின?

பயோகிளிட்டசோன் பழைய நீரிழிவு மாத்திரை. கசியும் கொழுப்பைக் கொழுப்புத் திசுவிலேயே பிடித்து வைக்க உதவுவதால் மாஷ் நோயில் பலன் தருகிறது. எடை கூட்டுவதும், உடலில் நீர் தேக்குவதும், எலும்பு முறிவு வாய்ப்பைக் கூட்டுவதும் இதன் குறைகள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

வைட்டமின் ஈ பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரிழிவு இல்லாத மாஷ் நோயாளிகள் 247 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், தினமும் 800 யூனிட் சாப்பிட்டவர்களில் 43 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், போலி மாத்திரையில் 19. ஆனால் தழும்பு குறையவில்லை. இன்னொரு பெரிய ஆய்வில் 400 யூனிட் தினமும் சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது. வைட்டமின்தானே என்று தானாக வாங்கிச் சாப்பிடும் பொருள் இல்லை இது.

மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு நல்ல மருந்து, கல்லீரல் அழற்சியையும் தழும்பையும் அது மாற்றுவதில்லை. உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை இந்த நோய்க்குப் பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. சிலிமரின் போன்றவை கலந்த லிவர் டானிக்குகளின் நிலையும் அதுதான்: தழும்பைக் குறைக்கும் என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. டானிக் குடிக்கிறோம் என்ற நிம்மதியில் ஃபிப்-4 கூடப் போட்டுப் பார்க்காமல் ஆண்டுகளைக் கடத்துவதுதான் உண்மையான ஆபத்து.

ஸ்டாட்டின் பற்றி ஒரு வார்த்தை. "கல்லீரல் கெட்டுவிடும்" என்று பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் பாதுகாப்பானது. அவர்களுடைய இதயத்துக்கு அது மிகவும் தேவையும்கூட. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஒபெட்டிகோலிக் அமிலம் என்ற மருந்து ஆய்வில் தழும்பைக் குறைத்தது. ஆனால் அரிப்பு, எல்டிஎல் உயர்வு போன்ற பாதிப்புகளைவிடப் பலன் பெரிதென்று நிரூபணமாகாததால் எஃப்டிஏ 2020-லும் 2023-லும் அனுமதி மறுத்தது. ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்யும் டிர்செபடைட், 190 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் நல்ல முடிவு காட்டியிருக்கிறது. எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்துகள் மூன்றாம் கட்ட ஆய்வில் இருக்கின்றன.

## யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை?

எஃப்0, எஃப்1 நிலையில் கல்லீரலுக்கென்று தனி மருந்து தேவையில்லை. எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஃபிப்-4 மீண்டும் போட்டுப் பார்த்தால் போதும். நீரிழிவுக்கோ பருமனுக்கோ செமாக்ளுடைட் போடுகிறார்கள் என்றால் அது வேறு கணக்கு. மதுவைப் பொறுத்தவரை தயக்கம் வேண்டாம், கொழுப்புள்ள கல்லீரலுக்கு அது எந்த நிலையிலும் கூடுதல் சுமைதான்.

எஃப்2, எஃப்3 நிலையில் இருப்பவர்களுக்காகவே மேலே சொன்ன இரண்டு மருந்துகளும். மருந்து தொடங்கினாலும் உணவும் உடற்பயிற்சியும் நிற்கக் கூடாது. ஆய்வுகளில் எல்லாருக்கும் அந்த அறிவுரையோடு சேர்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள்.

எஃப்4 நிலை வேறு. சிரோசிஸ் வந்தவர்கள் 71 பேரிடம் செமாக்ளுடைட் சோதித்தபோது தழும்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ரெஸ்மெடிரோமுக்கான அனுமதியும் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு மட்டுமே. இந்த நிலையில் கல்லீரல் நிபுணரின் நேரடிக் கவனிப்பும், புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் அவசியம்.

## எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?

மருந்து தொடங்குபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மாஷ் நோயில் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று வகுத்துச் சொல்லும் விதி இன்னும் உருவாகவில்லை. எடை விஷயத்தில் ஒன்று தெளிவாகத் தெரியும்: செமாக்ளுடைட்டை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். வாய்க்காலை மறுபடி திறந்துவிட்டால் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆகவே இரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்டகாலம் எடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்குவது நல்லது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துகளுக்கும் கிடைத்திருப்பது விரைவு அனுமதி. பயாப்ஸியில் தெரிந்த முன்னேற்றத்தை வைத்துத் தந்தது அது. கல்லீரல் செயலிழப்பையும் உயிரிழப்பையும் இவை உண்மையிலேயே குறைக்கின்றனவா என்று பார்க்க இரண்டு ஆய்வுகளும் இன்னும் தொடர்கின்றன.

தொடங்கியபின் பலன் தெரிகிறதா என்று பார்க்க மீண்டும் பயாப்ஸி செய்வதில்லை. கல்லீரல் நொதிகளை அவ்வப்போது பார்ப்பார்கள், ஏறத்தாழ ஓராண்டில் எலாஸ்டோகிராஃபி மறுபடி எடுப்பார்கள். அதனால் மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த கிலோபாஸ்கல் அளவையும் நொதி அளவுகளையும் ஒரு தாளில் குறித்துப் பத்திரமாக வைத்திருங்கள். ஓராண்டு கழித்து அளவு இறங்கியிருந்தால் தொடரலாம். ஏறியிருந்தால், அதே மருந்தை இன்னும் ஓராண்டு ஓட்டாமல், வேறு வழியைப் பற்றி மருத்துவரிடம் அப்போதே பேசிவிட வேண்டும்.